.300 மேக்னத்தில் 180 கிரெய்ன் பார்டிஷன்: மூன்று பெட்டி தீர்ந்த பிறகு

பெட்டிக்கு 50, மூன்று பெட்டி, ஆக 150 குண்டு. அதில் விலங்கைத் தொட்டவை ஏழே ஏழு. மற்றதெல்லாம் காகிதத்துக்கும் மண்மேட்டுக்கும் போனவை. ஏழை வைத்துக்கொண்டு மதிப்புரை எழுத வந்துவிட்டாயா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் வேட்டைக் குண்டைப் பற்றி எழுதுபவர்களில் பாதிப் பேர் காகிதத்தில் விழுந்த ஓட்டைகளை மட்டும் அளந்துவிட்டு எழுதுகிறார்கள், அந்த ஓட்டைகள் குண்டு உடம்புக்குள் போனபின் என்ன செய்யும் என்பதைச் சொல்லவே சொல்லாது. அந்த வகையில் என் ஏழு கொஞ்சம் மேல்.

முதலில் வார்த்தைகளைச் சரிசெய்துகொள்வோம். தோட்டா என்று நான் சொல்வது முழுப் பொருள்: பித்தளைக் கேஸ், அடியில் தீமூட்டும் பிரைமர், உள்ளே மருந்து (வெடிமருந்து), வாயில் குண்டு. குண்டு என்பது குழல் வழியாகப் பறந்து போகும் அந்த ஒரு துண்டு மட்டும். இங்கே மதிப்புரை குண்டுக்கு: நோஸ்லர் பார்டிஷன், .308 அங்குல விட்டம், 180 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 11.7 கிராம். சுட்டது .300 வின்செஸ்டர் மேக்னத்தில், அதாவது மருந்து நிறையப் பிடிக்கும் பெரிய கேஸ் உள்ள வேகத் தோட்டாவில். தோட்டாக்கள் எல்லாம் வீட்டு மேசையில் நானே கட்டியவை. கடையில் கட்டி விற்கும் தோட்டாவைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை.

இந்தக் குண்டுக்கு நான் நேர்வழியில் வரவில்லை, பட்டுத்தான் வந்தேன்.

மேக்னம் வாங்கும் எல்லோருக்கும் முதல் வருடம் வரும் நோய் எனக்கும் வந்தது. வேகம். பெரிய கேஸ் இருக்கிறது, மருந்து நிறையப் பிடிக்கிறது, அப்புறம் ஏன் மெதுவாகப் போகவேண்டும் என்ற எண்ணம். 165 கிரெய்னில் மெல்லிய செப்புத் தோலும் உள்ளே மிருதுவான ஈயமும் உள்ள ஒரு சாதாரணக் குண்டு வாங்கினேன். பெயர் வேண்டாம், குண்டின் மேல் குற்றமும் இல்லை. நடுத்தர வேகத் தோட்டாவில் போட்டால் அது அருமையான குண்டு. நான் அதை விநாடிக்கு 3,100 அடிக்கு மேல் ஓட்டினேன். நூறு கஜத்தில் மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. அந்தக் காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பருவத்தில் முந்நூறு கஜத்துக்கு எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். மான் வந்தது நாற்பது கஜத்தில். புதருக்குப் பின்னாலிருந்து திடீரென்று, கொஞ்சம் சாய்வாக, தோள் என் பக்கம். சுட்டேன், விழுந்தது, எழுந்தது, போய்விட்டது. மறுநாள் காலை வரை தேடிக் கண்டுபிடித்தபோது தோள் எலும்பின் மேல் கையகல மேலோட்டமான காயம், உள்ளே நுரையீரல் வரைக்கும் ஒரே ஒரு சின்னத் துணுக்கு போயிருந்தது. குண்டு எலும்பில் பட்ட இடத்திலேயே பொடிந்துவிட்டது. அந்த இரவை இப்போதும் நினைக்கப் பிடிக்காது. அந்த மானுக்கு நான் கடன்பட்டவன்.

தப்பு எங்கே என்று யோசித்தபோதுதான் புரிந்தது. தூரத்துக்கு என்று குண்டு தேர்ந்தெடுத்தேன், கிட்டத்துக்கு யோசிக்கவில்லை. மேக்னத்தில் குண்டுக்குக் கடினமான பரீட்சை நானூறு கஜத்தில் இல்லை, நாற்பது கஜத்தில் இருக்கிறது. தூரம் போகப்போகக் காற்றே வேகத்தைக் குறைத்துவிடும், குண்டும் நிதானமாக விரியும். கிட்டத்தில் முழு வேகமும் அப்படியே போய் எலும்பில் இடிக்கும். வேகம் பத்து சதவீதம் கூடினால் ஆற்றல் இருபத்தொரு சதவீதம் கூடும், அதையெல்லாம் தாங்கவேண்டியது அந்தக் காகிதம் போன்ற செப்புத் தோல்தான். ஆகவே மேக்னத்துக்குக் குண்டு வாங்கும்போது நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, இது எவ்வளவு தூரம் நேராகப் போகும் என்பதில்லை. மிகக் கிட்டத்தில் எலும்பில் பட்டால் இது பிழைக்குமா என்பதுதான்.

இதே பிரச்சினையிலிருந்துதான் பார்டிஷனே பிறந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் மூஸ் என்னும் பெரிய மான் ஒன்றை .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்தால் சுட்டார். சேறு காய்ந்து கெட்டிப்பட்டிருந்த உடம்பு. குண்டுகள் மேலேயே சிதறின, உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியவர் தானே குண்டு செய்யத் தொடங்கினார், 1948இல் கம்பெனி ஆனது. எண்பது வருடத்துக்கு முன் ஒருவர் பட்ட பாட்டை, அதே வகை வேகத்தில், நானும் போய்ப் பட்டிருக்கிறேன். முன்பே படித்திருந்தால் ஒரு மான் தப்பித்திருக்கும் என்று சொல்ல வந்தேன், தப்பித்திருக்காது, சீக்கிரம் செத்திருக்கும்.

அமைப்பு எளிது. குண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் செப்புக் கலவைத் தோல் ஆங்கில எச் எழுத்து போல இருக்கும். நடுவே ஒரு குறுக்குச் சுவர். சுவருக்கு முன்னால் ஓர் ஈய அறை, பின்னால் ஓர் ஈய அறை. முன் அறை பட்டவுடன் விரிந்து பூப்போல மலரும், அதிக வேகமென்றால் ஈயம் தெறித்துப் போகவும் செய்யும். ஆனால் விரிசல் சுவர் வரைக்கும் வந்து நின்றுவிடும். பின்பாதி அப்படியே கட்டியாக, நேராக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரே குண்டுக்குள் மிருதுவான குண்டு ஒன்று, உடையாத குண்டு ஒன்று என்று இரண்டைச் சேர்த்துவைத்தது போல. அவ்வளவுதான் சூட்சுமம், அதற்குமேல் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஏழில் ஐந்து மறுபக்கம் துளைத்துப் போய்விட்டன, மண்ணில் எங்கேயோ. உள்ளே நின்றவை இரண்டு. ஒன்று தோள் எலும்பு இரண்டையும் உடைத்துவிட்டு மறுபக்கத் தோலுக்கு அடியில் ஒரு கட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது: 117 கிரெய்ன். இன்னொன்று முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் போனது: 121 கிரெய்ன். அதாவது 65, 67 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு எடை மிச்சம் என்பதுதான் இந்தக் குண்டைப் பற்றி எல்லோரும் சொல்வது, என் தராசும் அதையே சொன்னது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதே என்று விளம்பரம் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். போன அந்தப் பங்கு சும்மா போகவில்லை, நுரையீரலில் வேலை செய்துவிட்டுத்தான் போயிருக்கிறது. ஏழில் மிகக் கிட்டத்தில் 35 கஜம், மிகத் தூரத்தில் 260. எதுவும் நூறடிக்கு மேல் ஓடவில்லை. இரண்டு நின்ற இடத்திலேயே சரிந்தன.

சரி, இனி மேசைக்கு வருவோம். கையால் தோட்டா கட்டுவது பற்றி எழுதாமல் இந்தக் குண்டைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாகும், ஏனென்றால் மேக்னத்தில் குண்டின் நடத்தையை நிர்ணயிப்பது நீங்கள் கொடுக்கும் வேகம்.

எத்தனை கிரெய்ன் மருந்து போட்டேன் என்பதை எழுதமாட்டேன். கேட்டு யாரும் எழுதவேண்டாம். பிகு பண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) வேறு, உங்கள் சேம்பர் வேறு. என் கேஸின் சுவர் தடிப்பு வேறு. மருந்தின் ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒரே தடவையில் செய்த ஒவ்வொரு தொகுதியும், கொஞ்சம் வேறு. இந்தத் தோட்டாவுக்கு விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு, அது உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நடக்கும் காரியம். குண்டு கம்பெனியும் மருந்து கம்பெனியும் அச்சிட்டுக் கொடுக்கும் அட்டவணையை எடுங்கள், அதில் தொடக்க அளவு என்று ஒன்று இருக்கும், அங்கே தொடங்கி மெல்ல ஏறுங்கள். தொடக்க அளவுக்குக் கீழேயும் போகாதீர்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கேஸில் பாதி மட்டும் போட்டுவைத்தால் அழுத்தம் குறையும் என்று தோன்றும், சில நேரம் தலைகீழாக எகிறிப் போயிருக்கிறது. உதை குறைவாக வேண்டுமென்றால் சின்னத் தோட்டா ரைஃபிளை எடுங்கள்.

மருந்து எச் 4831. பழைய மருந்து, உலகப்போர் முடிந்தபின் 20 மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டாக்களில் மிஞ்சிய மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி விற்றதில் தொடங்கிய வரலாறு அதற்கு. இப்போது புதிதாகச் செய்கிறார்கள், குட்டையாக வெட்டிய குச்சி வகையும் உண்டு, அது அளவியில் தடங்கல் இல்லாமல் விழும். இந்த வகை மெதுவான மருந்தில் ஒரு நிம்மதி: கேஸ் கிட்டத்தட்ட நிரம்பிவிடும், தெரியாமல் இரண்டு முறை ஊற்றினால் மேசையெல்லாம் கொட்டும், உடனே தெரிந்துவிடும். ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது, தப்பான டப்பாவை எடுப்பதில். வேகமாக எரியும் மருந்து அதே கேஸில் பாதி நிரம்பினாலே போதும், ரைஃபிள் போய்விடும். அதனால் வேலை நடக்கும்போது மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான், மற்றதெல்லாம் அலமாரிக்குள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பேச வருபவர்களையும் எழுப்பி அனுப்பிவிடுவேன், மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

பிரைமர் மேக்னம் வகை. மெதுவான மருந்து, அதுவும் கேஸ் நிறைய, குளிர்காலை. அதற்குச் சூடான தீப்பொறி வேண்டும். ஆனால் சாதாரணத்திலிருந்து மேக்னத்துக்கு மாற்றினாலோ ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலோ மறுபடி கீழே இறங்கித் தொடங்கவேண்டும், பிரைமர்தானே என்று விட்டுவிட முடியாது.

இப்போது பட்டை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நான் கேஸ்களை வீணாக்கினேன். .300 வின்செஸ்டர் மேக்னத்தின் அடியில் ஒரு பட்டை இருக்கும், இடுப்பில் ஒட்டியாணம் கட்டியது போல. அது 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டிலிருந்து வந்த சொத்து. அந்தப் பழைய தோட்டாவின் தோள் (கேஸ் கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) சரிவாக இருக்கும், சேம்பரில் தோட்டா எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தோளை நம்பி விடமுடியாது, அதனால் பட்டை. 1963இல் வந்த நம் .300க்கு நல்ல தோள் இருக்கிறது, பட்டை பெரும்பாலும் அலங்காரம்தான். ஆனால் தொழிற்சாலை பட்டையை வைத்தே அளவு பார்ப்பதால் தோளுக்கு முன்னால் சேம்பரில் இடம் தாராளமாக இருக்கும். முதல்முறை சுட்டதும் கேஸ் முன்னால் நீண்டு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். அதை நாம் எடுத்துவந்து, டையை (சுட்ட கேஸைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சு) அமுக்கும் கருவியான பிரஸ்ஸில் முழுக்க இறக்கி, கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல்ஹோல்டரில் இடிக்கிறவரை அமுக்கினால் தோள் மறுபடி பின்னால் போகும். மறுபடி சுட மறுபடி நீளும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் என்ன ஆகும்? பட்டைக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே வரும்.

நான்காவது முறை சுட்ட கேஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பட்டைக்கு மேல் சுற்றிலும் ஒரு பளபளப்பான கோடு. அழகாக இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகுதான் உறைத்தது. காகிதம் செருகும் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து, கேஸுக்குள் விட்டுச் சுவரை உரசிப் பார்த்தேன். அடிக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் விழுந்தது. இருபதில் பதினொரு கேஸில் அதே பள்ளம். இன்னொரு முறை சுட்டிருந்தால் ஏதாவது ஒன்று சேம்பருக்குள் இரண்டாகப் போயிருக்கும், வாயு எந்தப் பக்கம் வந்திருக்குமோ. இருபதையும் பிளையரால் நசுக்கிக் குப்பையில் போட்டேன். குற்றம் டைமீது இல்லை, கூட வந்த காகிதத்தில் எழுதியிருந்ததை அப்படியே செய்த என்மீதுதான்.

இப்போது தோளை அளக்கும் ஒரு சின்னக் கருவியைக் காலிப்பரில் மாட்டி, சுட்ட கேஸின் தோளை 0.002 அங்குலம் மட்டும் பின்னால் தள்ளுகிறேன். பட்டை இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன். கேஸ்கள் இப்போது ஏழாவது முறையில் இருக்கின்றன, பள்ளம் இல்லை. மேக்னம் கட்டத் தொடங்கும் ஒருவர் முதலில் வாங்கவேண்டிய கருவி எது என்று கேட்டால் பிரஸ்ஸுக்கு அடுத்தபடி இதைச் சொல்வேன். மருந்து அளக்கும் மின்தராசு மூன்றாவது, அதிலும் ஒரு வார்த்தை: மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள், பக்கத்தில் செல்போன் வைக்காதீர்கள், சோதனை எடையை அரைமணிக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள். என் முதல் தராசு ஒரு மாலைக்குள் 0.4 கிரெய்ன் நகர்ந்துவிட்டது, நான் கவனித்தது கடைசித் தோட்டாவில். நாற்பது தோட்டாவையும் சுத்தியல் போலிருக்கும் அந்தக் கழற்றியால் தட்டித் தட்டிப் பிரித்தேன். பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கும் அந்த இரவு தூக்கமில்லை.

பார்டிஷனைப் பொருத்துவதில் தொல்லை இல்லை, இது எனக்கு மிகப் பிடித்த விஷயம். சில குண்டுகள் குழலுக்குள் திருகுவரிகள் தொடங்கும் இடத்திலிருந்து இத்தனை தள்ளித்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்கும். முழுச் செப்புக் குண்டுகளுக்கு 0.050 அங்குலம் தள்ளி வையுங்கள் என்பது பொதுவான அறிவுரை, இன்னும் சில நீள மூக்குக் குண்டுகளைக் கிட்டத்தட்டத் தொடும்படி வைத்தால்தான் ஒழுங்காகப் போகும். இது அப்படியில்லை. இந்தத் தோட்டாவுக்கு மொத்த நீளம் 3.340 அங்குலத்துக்குள் என்பது விதி, ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் அதற்கு மேல் இடம் தராது, நான் அதற்குச் சற்றுக் குறைத்தே வைத்தேன், குண்டு முகம் கோணவில்லை. இந்தத் தோட்டாவின் கழுத்து 0.264 அங்குலம்தான், குண்டின் விட்டத்தைவிடவே குறைவு. குண்டைப் பிடித்துக்கொள்ள இடம் கொஞ்சம். அதனால் உதையில் மேகசினில் இருக்கும் தோட்டாக்களின் குண்டு உள்ளே போகாமல் இருக்கிறதா என்று மூன்று சுட்டபின் நான்காவதை எடுத்து அளந்து பார்த்தேன். நகரவில்லை.

மூக்கு நசுங்கும். மேகசினில் அடியில் கிடக்கும் தோட்டாவின் ஈய மூக்கு ஒவ்வொரு உதைக்கும் முன்சுவரில் மோதிக் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். ஈய மூக்கு திறந்திருக்கும் எந்தக் கம்பெனிக் குண்டுக்கும் இது உண்டு, மேக்னத்தின் உதையில் கொஞ்சம் அதிகம். வேட்டைத் தூரத்தில் இதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. வேண்டுமென்றே நசுங்கியவற்றை மட்டும் எடுத்து இருநூறு கஜத்தில் சுட்டுப் பார்த்தேன், நல்லவற்றோடு கலந்துதான் விழுந்தன. பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவே.

வேகத்தை அளக்கும் கருவி வைத்து ஏறிக்கொண்டே போனதில் என் ரைஃபிளில் 2,980 அடி வரை வந்தது. அங்கே சேம்பரை மூடும் போல்ட்டைத் தூக்கக் கை கொஞ்சம் கனத்தது, கேஸின் அடியில் எஜெக்டர் (காலிக் கேஸை வெளியே தள்ளும் பாகம்) பதிந்த பளபளப்பான பிறை. இந்த அடையாளங்களை நம்பி ஏறக்கூடாது. அவை தெரியும்போது அழுத்தம் எல்லையைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். அட்டவணை சொல்லும் வேகத்தை அதைவிடக் குறைந்த மருந்திலேயே உங்கள் குழல் எட்டிவிட்டால் அழுத்தமும் எட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள், இலவசமாக வேகம் கிடைக்காது. இறங்கினேன். 2,900இல் ஐந்து குண்டு நூறு கஜத்தில் 1.3 அங்குலத்துக்குள் விழுந்தன, அங்கேயே நின்றுவிட்டேன். எண்பது அடியை விட்டுக்கொடுத்ததில் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வரும்: இருநூறு கஜத்துக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் முந்நூறில் குண்டு ஏறத்தாழ ஏழு அங்குலம் கீழே விழுகிறது, அந்த எண்பது அடி இருந்திருந்தால் அரை அங்குலத்துக்கும் குறைவாக மேலே விழுந்திருக்கும். என் மூச்சு அதைவிட அதிகம் ஆட்டும்.

1.3 அங்குலம் என்பதைப் பார்த்துச் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். இதே குழலில் நீள மூக்குக் குண்டு ஒன்று முக்கால் அங்குலத்தில் விழும். இலக்குப் போட்டிக்கு நான் போவதில்லை. மானின் நெஞ்சுக்கூடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு, 260 கஜத்தில் 1.3க்கும் 0.75க்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தட்டுக்குள் தொலைந்துபோகும்.

மற்ற குண்டுகளோடு ஒப்பிட்டால்? அதே நோஸ்லரின் அக்யூபாண்ட் 180 கிரெய்ன் காற்றைக் கொஞ்சம் நன்றாகக் கிழிக்கும், காற்றெதிர்ப்பு எண் (கூடினால் நல்லது) .507, பார்டிஷனுக்கு .474. ஈயத்தைத் தோலோடு ஒட்டவைத்திருப்பார்கள், மூக்கில் வெள்ளைப் பிளாஸ்டிக், நசுங்காது. முந்நூறு கஜத்துக்கு மேல் அடிக்கடி சுடுபவர் என்றால் அதை எடுங்கள், நானே சொல்வேன். அதற்குக் கீழே இரண்டுக்கும் நடுவே காற்றில் அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் அதிகம். ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் இதே குறுக்குச் சுவர் யோசனைதான், முன் ஈயத்தையும் ஒட்டவைத்துவிட்டார்கள், எடை அநேகமாகப் போகாது. மிகக் கனமான, ஆபத்தான விலங்குக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தும், மெல்லிய மானுக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

முழுச் செப்புக் குண்டு என்பது தனிக் கதை. பார்ன்ஸ் எக்ஸ் 1980களில் தொடங்கிவைத்தது, பிறகு பக்கங்களில் பள்ளம் வெட்டி டிஎஸ்எக்ஸ், அதற்குப் பிளாஸ்டிக் மூக்கு வைத்து டிடிஎஸ்எக்ஸ். எடை கிட்டத்தட்ட முழுதும் மிஞ்சும், எலும்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், கறியில் ஈயத் துணுக்கு இருக்காது. இந்தக் கடைசி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்டிஷனின் முன்பாதி ஈயம் தெறிக்கும் என்று மேலே பெருமையாக எழுதினேனே, அந்தத் துணுக்குகள் காயத்தைச் சுற்றிக் கறியில்தான் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. நான் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிகிறேன். வீட்டில் சின்னக் குழந்தைகள் அந்தக் கறியைச் சாப்பிடுவார்கள் என்றால் செப்புக்குப் போய்விடுங்கள், யோசிக்கவே வேண்டாம். குடல் பகுதியை அங்கேயே விட்டுவந்தால் கழுகுகள் அதைத் தின்று ஈயத்தில் சாவதும் உண்மை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, அங்கே பார்டிஷனுக்கு வேலை இல்லை. இப்படித் தடை உள்ள இடங்கள் வேறும் உண்டு, வாங்கும் முன் உங்கள் அனுமதிச் சீட்டைப் படித்துவிடுங்கள். செப்புக்கு மாறினால் எடையில் ஒரு படி இறங்குங்கள், 180க்குப் பதில் 165 அல்லது 168. செப்பு ஈயத்தைவிட இலேசு, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், கேஸுக்குள் மருந்தின் இடத்தைப் பிடிக்கும். வேகமும் வேண்டும் அதற்கு. 1,800 அடிக்குக் கீழே போனால் பல செப்புக் குண்டுகள் சரியாக மலராது, பென்சில் குத்தியது போல ஓட்டை போட்டுவிட்டுப் போகும்.

எடை பற்றி ஒரு கேள்வி அடிக்கடி வரும். .308இல் பார்டிஷன் 150இலிருந்து 220 வரை கிடைக்கிறது. 150 கிரெய்னை மேக்னத்தில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உதைக்கும் சத்தத்துக்கும் ஈடாகக் கிடைப்பது அவசர வேகம் மட்டும், அதையே சின்ன கேஸ் ஒன்று பாதி ஆர்ப்பாட்டத்தில் தரும். 165 பரவாயில்லை. 180 இந்தக் கேஸுக்கென்றே பிறந்தது போல் பொருந்துகிறது. மூஸ், எல்க் போன்ற பெரிய உடம்புகளுக்கு மட்டுமே போகிறவர் என்றால் 200 எடுக்கலாம், மெதுவாகப் போகும், ஆழமாகப் போகும், தோள்தான் கொஞ்சம் புலம்பும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலே கால். கால் போனது மூக்குக்கு, அரை போனது ஈயத்துக்கு. சாதாரணக் குண்டைவிட விலை கணிசமாகக் கூடுதல்தான், அதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. பழகுவதற்கும் ஸ்கோப் சரிபார்ப்பதற்கும் அதே எடையில் மலிவான குண்டு ஒன்றைக் கட்டிவைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஒரு இருபது மட்டும் இதில் கட்டினால் பெட்டி வருடக்கணக்கில் வரும். நான் அப்படிச் செய்யாமல் எல்லாவற்றையும் மண்மேட்டில் சுட்டுத் தீர்த்தது என் புத்தி.

நான்காவது பெட்டி நேற்று வந்தது. லாட் எண் வேறு, மருந்தும் புது டப்பா. ஆக மறுபடி கீழிருந்து, அரை அரை கிரெய்னாக. பத்து கேஸ் துடைத்து பிரைமர் போட்டு வைத்திருக்கிறேன், காற்று அடங்கினால் ஞாயிறு காலை சுட்டுப் பார்க்கவேண்டும்.